மாப்பிள்ளையின் மூக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் மரியாதை. பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். நீங்கள் சுகமாக இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த பிறகு நீங்கள் எழுதிய முதல் கடிதம். அதில் பேத்தியைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, மற்றதெல்லாம் எங்கள் ரத்தத்தைப் பற்றி. எங்கள் பரம்பரையிலேயே குறைப்பிரசவம் இருக்கிறதாம், அதை மறைத்துப் பெண் கொடுத்தோமாம், தாயும் பிள்ளையும் இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டுமாம், நீங்கள் யோசித்துச் சொல்வீர்களாம். கையெழுத்து உங்களுடையது. வாசகம் சம்பந்தியம்மாவுடையது. சொல்லச் சொல்ல எழுதுவதில் பள்ளிக்கூடத்தில் நீங்கள்தான் முதல் மாணவனாக இருந்திருப்பீர்கள்.

நாங்கள் எதையும் மறைக்கவில்லை. எங்கள் மூத்த மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான் என்று கல்யாணப் பேச்சின்போதே என் மனைவி வாய்விட்டுச் சொன்னாள். நீங்கள் அப்போது போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். மண்டபத்தில் ஏசி உண்டா என்று சம்பந்தியம்மா கேட்டார்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இதையெல்லாம் ஒரு மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதலாமா என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். எழுதக் கூடாது, பேசக் கூடாது என்று எல்லோரும் நாகரிகமாக இருந்ததில்தான் என் பேத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள்.

ஐந்தாம் மாதத்தில் மகளுக்கு வெள்ளைப்படுவது அதிகமாகியிருக்கிறது. கவிச்சி வாடையும் இருந்திருக்கிறது. உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். “எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதுதான். சோப்புப் போட்டு உள்ள நல்லா கழுவு. சுத்தமா இருக்கிறவளுக்கு இதெல்லாம் வருமா?” என்றாராம். அவளும் கழுவியிருக்கிறாள். வாடை போகவில்லை. பிறகு வெட்கத்தை விட்டு, வேலைக்குப் போயிருந்த உங்களிடம் போனில் சொல்லியிருக்கிறாள். “சாப்பிடுற நேரத்துல ஏன் இந்த அசிங்கத்தை எங்கிட்ட சொல்ற? அம்மாகிட்ட சொல்லு” என்று வைத்துவிட்டீர்களாம்.

உங்கள் உத்தியோகம் என்ன, மாப்பிள்ளை? ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. எங்காவது குழாயில் கேஸ் கசிந்து லேசாக வாடை வந்தாலே மொத்த ஆலையையும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்று கல்யாணத்தன்று என் நண்பர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். அந்த மூக்கு ஆலை வாசலோடு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதன் பிறகு அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது, வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இருந்த சம்பந்தியம்மா, “ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா இருக்கா” என்று பதில் சொல்லியிருக்கிறார். கர்ப்பம் யாருக்கு என்று அந்த டாக்டரம்மாவுக்கே ஒரு நிமிடம் குழம்பியிருக்கும்.

ஏழாம் மாதத்தில், உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. நாங்கள் பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உங்கள் அம்மா கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்தார். “எலிக்குஞ்சு மாதிரி இருக்கே, இது தேறுமா?” என்று கேட்டுவிட்டு, முழங்கால் வலிக்கிறதென்று வீட்டுக்குப் போய்விட்டார். இன்றுவரை அந்த வலி குறையவில்லை போலிருக்கிறது.

இனி ரத்தத்துக்கு வருகிறேன். டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன்: “இது எங்க குடும்பத்துக் குத்தமா?”

அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். “அங்க கிருமி பெருகினா உடம்பு எதிர்த்துச் சண்டை போடும். சிலர் உடம்பு அளவா போடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தச் சண்டைக் குணம் ஜாஸ்தி. வீட்டுக்குள்ள பூனை நுழைஞ்சதுக்கு வீட்டையே கொளுத்துற மாதிரி. அது மரபணுவுல வர்றது. அது மட்டும் இருந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. கிருமி மட்டும் வந்தாலும் நிறைய பேர் நிறைமாசத்துல பெத்துக்கிறாங்க. ரெண்டும் ஒரே உடம்புல சேர்றப்பதான் ஆபத்து ரொம்பக் கூடுது. உங்க பொண்ணுக்கு அப்படித்தான் நடந்திருக்கும்னு நினைக்கிறேன், சத்தியம் பண்ண முடியாது.” இதற்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்றார். உள்ளே சோப்புப் போட்டால் நல்ல கிருமிகளும் செத்துக் கெட்டது இன்னும் கூடும் என்றார். அதையும் சம்பந்தியம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நான் விடவில்லை. அப்போதே மருந்து கொடுத்திருந்தால் குழந்தை வயிற்றில் தங்கியிருக்கும்தானே என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால் அதை எடுத்து உங்களை வெளுத்திருப்பேன். அவர் தரவில்லை. “தங்கியிருக்கலாம், தங்காமலும் போயிருக்கலாம். மருந்து குடுத்தும் முன்னாடியே பிறந்த குழந்தைங்க இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்சிருந்தா கவனமா பார்த்திருப்பேன்” என்றார்.

ஆக, குழந்தை சீக்கிரம் பிறந்தது உங்களால்தான் என்று நான் எழுத முடியாது. அவள் பேசியதை நீங்கள் கேட்கவில்லை என்று மட்டும் எழுதலாம். எனக்கு அது போதும்.

ஆயுள் முழுக்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். கைக்குழந்தையோடு ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றால் உடனே கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி நடிக்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டி எழுப்பினால், “என்ன? என்ன ஸ்டாப்பு?” என்று கேட்பார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் குரல்தான் கேட்டது.

குழந்தையை வெறும் மார்பில் போட்டுச் சூடு கொடுக்க வேண்டும் என்கிறார்கள் இங்கே. மகளுக்குப் பிரசவத்தோடு வந்த காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. “அப்பா இருந்தா அப்பாவை வரச் சொல்லுங்க, இல்லாட்டி தாத்தா நீங்க சட்டையைக் கழட்டுங்க” என்றார் நர்ஸ். கழற்றினேன். நரைத்த முடியும் தொந்தியுமாக ஊரான் வீட்டுப் பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை அகல உயிர், என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு மூச்சு விட்டது. அது உங்கள் இடம். நான் சும்மா துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாமனார்.

*

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் பதில் வந்தது. மகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டை அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவன்கூட முதலில் வண்டியை வந்து பார்ப்பான்.

கடிதத்தை டாக்டரம்மாவிடம் காட்டினேன். “இவதான் காரணம்னு சொல்ற டெஸ்ட் எதுவும் எங்கிட்ட இல்ல. அப்புறம், குழந்தைக்குப் பாதி அவர்கிட்டருந்தும்தான் வந்திருக்கு. அதை யார் டெஸ்ட் பண்றது?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உங்களிடமிருந்து பேத்திக்கு என்னென்ன வந்திருக்குமோ என்ற கவலை எனக்கு அப்போதுதான் பிடித்தது.

குழந்தை தேறிவிட்டாள். இப்போது தானாகவே பால் குடிக்கிறாள். குழாய்களை எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அழுகை மட்டும் நிறைமாதக் குழந்தையின் அழுகைதான், மாடிவீட்டுக்காரர் தூக்கமில்லாமல் இறங்கி வந்துவிட்டார்.

மகளும் எழுந்துவிட்டாள். கிருமிக்கு மருந்து கொடுத்துக் குணமாகிவிட்டது. அடுத்த முறை கர்ப்பமென்றால் முதல் மாதமே வர வேண்டும், லேசான தொந்தரவையும் மறைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த முறை என்ற சொல்லைக் கேட்டதும் என் மகள் சுவரைப் பார்த்தாள்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் அவள் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “வரச் சொல்லி எழுதாதீங்கப்பா. வராதேன்னும் எழுதாதீங்க. வந்தா டாக்டர் முன்னாடி எம்பக்கத்துல உக்காரணும். எனக்கு என்ன ஆச்சுன்னு நானே சொல்லுவேன். முடிக்கிற வரைக்கும் எழுந்து போகக் கூடாது. அவ்வளவுதான்” என்றாள். சம்பந்தியம்மாவுக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது என்பது என் சொந்தச் சேர்க்கை.

அவள் கேட்டது இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நானாக இருந்தால் உங்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் வாழப்போகிறவள் அவள்.

தாயின் உடம்பில் இருக்கும் அந்தப் பொல்லாத சண்டைக் குணம் பேத்திக்கும் வந்திருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. வந்தாலும் பயமில்லையாம், தெரிந்து நடந்துகொண்டால் போதுமாம். அவளும் வளருவாள். ஒருநாள் தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்று யாரிடமாவது சொல்ல வருவாள். அப்போது நானும் என் மனைவியும் இருக்க மாட்டோம். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் சொல்வதைக் கடைசி வரை கேட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஓர் அப்பா வேண்டும்.

அதற்காகவாவது நீங்கள் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாத்தா.