செல்வி ஏறிய வண்டி

ஐப்பசி, வியாழன் இரவு.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மத்தியானம் மக்காச்சோளக் காட்டில் என் மனைவி செல்வியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கணுக்காலில் பல் பதிந்திருந்ததைப் பார்த்ததும் நான் போனை எடுத்தேன். தியாகதுருகத்து மச்சான் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னான். அண்ணன் கள்ளக்குறிச்சியே போதும் என்றார். காரா, ஆம்புலன்ஸா என்று கேட்க இன்னொருவருக்குப் போன் போட்டேன்.

அதற்குள் பக்கத்துக் காட்டு முருகேசன் சத்தம் கேட்டு பைக்கோடு வந்துவிட்டார். செல்வி அவர் தோளைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

"கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு வுடுங்கண்ணே."

"இரு செல்வி, சேலம்னா இன்னும் நல்லா..."

"நீங்க யோசிச்சிக்கினே இருங்க. நான் போறேன்."

பைக் கிளம்பிவிட்டது. கடிபட்டவள் போய்விட்டாள்; நான் போனைக் காதில் வைத்தபடி வரப்பில் நிற்கிறேன். என்னால் நம்பவே முடியவில்லை. பிறகுதான் ஓடிப்போய் என் வண்டியை எடுத்தேன்.

விஷமுறிவு ஊசி ஏறிய பிறகு டாக்டரம்மா சொன்னார். "உயிருக்கு பயமில்ல. இன்னும் லேட்டாயிருந்தா கிட்னி போயிருக்கும். நேரா இங்க வந்தீங்களே, அது நல்லதாப் போச்சு. நீங்கதான் கூட்டியாந்தீங்களா?"

"இல்ல மேடம். அவளே வந்துட்டா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கொஞ்சம் முன்னால் நர்ஸ் வந்து, "வூட்டுக்குப் போறீங்களா, இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன்" என்றேன். மாடு கறக்க ஆளில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.