நின்றுபோன படம்

சித்தூர்
10.6.2024

ரேகா நைனாவுக்கு,

கன்னிகா எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் உங்கள் வார்டே கேட்கிறது. மெசேஜ் போட்டால் நம் பெண் ரேகா படித்துவிடுகிறாள். அவள் கையில்தானே எப்போதும் போன். அவளுக்குத் தெலுங்கும் இங்கிலீஷும்தான் படிக்க வரும். அதனால் தமிழில் எழுதி, திருப்பதிக்குத் தினமும் வேலைக்குப் போகிற மேல்வீட்டு சிவசங்கரன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அவசரமாக ஆபரேஷன் என்று உங்களைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். குடலில் கட்டி, எடுத்தாகிவிட்டது என்றீர்கள். அன்றிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால் மின்விசிறியைத்தான் காட்டுகிறீர்கள். "நைனா மூஞ்சியே காட்ட மாட்டேங்குது, இன்னாம்மா ஆச்சு?" என்று ரேகா கேட்கிறாள். நான் என்ன சொல்ல? மாம்பழ சீசன், கூழ் ஃபாக்டரியில் லீவு கேட்டால் ஒரேயடியாக நின்றுகொள் என்கிறார்கள். இல்லையென்றால் உங்கள் அக்கா செங்கம்மாவைத் துணைக்கு விட்டுவிட்டு நான் இங்கே இருப்பேனா? என்னிடம் எதையும் மறைக்காதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கன்னிகா


திருப்பதி
11.6.2024

அன்புள்ள கன்னிகாவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். குடலை வெட்டினதால் வயிற்றில் துளை போட்டு ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். மலம் அதில்தான் இறங்குகிறது. எப்போது இறங்கும் என்று எனக்கே தெரிவதில்லை. திடீரென்று சத்தம் வரும். பக்கத்துக் கட்டில்காரர் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆறு மாதம் போனால் துளையை மூடிவிடலாம் என்கிறார் டாக்டர்.

பவுடர் போடாமல், இஸ்திரி சட்டை இல்லாமல் டிரைவர் சீட்டில் உட்காராதவன் நான். இப்போது அக்கா துடைத்துவிடுகிறாள்.

ரேகாவிடம் சொல்லாதே. உன் தம்பி வீட்டுக்கும் தெரிய வேண்டாம். உனக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கோவர்த்தனன்


சித்தூர்
13.6.2024

ரேகா நைனாவுக்கு,

நேற்றிலிருந்து உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. காரணம் எனக்குத் தெரியும்.

தம்பி சந்துருவும் அவன் பெண்டாட்டி அகிலாவும் உங்களைப் பார்க்கவேண்டும் என்று வந்தார்கள். பெரிதாகத் தெரியட்டும் என்று ரேகா போனை ஒயர் போட்டு டி.வி.யோடு சேர்த்து, எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உங்களைக் கூப்பிட்டாள். மின்விசிறிதானே வரும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். செங்கம்மா அக்கா எடுத்தாள். வீடியோ என்று அவளுக்குத் தெரியவில்லை. "இரு கன்னிகா, நர்சு பை மாத்திக்கினு கீது" என்று போனை நீட்டிப் பிடித்தபடியே நின்றாள். எல்லாம் தெரிந்தது.

அகிலா மூக்கைப் பொத்திக்கொண்டாள். டி.வி.யில் நாற்றம் வருமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டின பெண்டாட்டி நான், திருப்பிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து நெட் சிக்கி, படம் அப்படியே நின்றுபோனது. சந்துருதான் எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினான். ரேகா பின்வாசலில் போய் நின்றவள், கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

போனைப் போடுங்கள். திட்டவாவது திட்டுங்கள்.

கன்னிகா


திருப்பதி
15.6.2024

கன்னிகாவுக்கு,

திட்ட ஒன்றுமில்லை. என் பக்கமும் படம் நின்றுதான் போனது. நர்ஸ் போனதும் அக்கா போனை என் கையில் கொடுத்தாள். நீ முகத்தைத் திருப்பினபடி அதில் இருந்தாய்.

உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நம் வீட்டில் இருப்பது ஒரே அறை. அங்கேதான் சாப்பிடுகிறோம், அங்கேதான் ரேகா படிக்கிறாள். அங்கே நான் எப்படி இருப்பேன்? வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் என்கிறார்கள். அக்காவோடு வெதுருகுப்பம் போய்விடுகிறேன். துளையை மூடுகிற வரைக்கும் அவள் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். வீடியோவில் யாரும் கூப்பிட வேண்டாம். நைனா இருக்கிற இடத்தில் நெட் வராது என்று ரேகாவிடம் சொல்லிவிடு.

கோவர்த்தனன்


திருப்பதி
17.6.2024

அன்புள்ள கன்னிகாவுக்கு,

நேற்று நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். "உன்ன யாரு வரச் சொன்னது? போ!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. நீ நேராக நர்ஸிடம் போய், "எனக்குக் கத்துக் குடும்மா, வூட்ல நான்தான் பண்ணணும்" என்றாய். அப்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

பழைய பையைப் பிரித்ததும் உன் கை நின்றுவிட்டது. "கை கழுவிக்கினு வந்துர்றேன்" என்று எழுந்து போனாய். தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம்தான் வாஷ்பேசின். நீ வாந்தி எடுத்தது எனக்குக் கேட்டது, கன்னிகா. அப்படியே பஸ் ஏறிவிடுவாய் என்று நினைத்தேன். உன்மேல் தப்பில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டேன். நீ முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாய். சுற்றிலும் துடைத்துப் புதுப் பையை ஒட்டினாய். கோணல், மறுபடி ஒட்டு என்றாள் நர்ஸ். மறுபடி ஒட்டினாய்.

வெட்கம் போகவில்லை. ரேகா முன்னால் நடமாட வேண்டுமே என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. இருந்தாலும் வெதுருகுப்பம் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அது எனக்கு நேத்தே தெரியுமே" என்றாள்.

வியாழக்கிழமை லீவு தராவிட்டால் வேலையே போகட்டும் என்றாய். வரும்போது தொளதொளவென்று இருக்கிற சட்டை ஒன்று கொண்டு வா. பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு வேண்டும். நாற்றம் வந்தால் கண்ணாடியைத் திறந்துவிடலாம். எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறவர்கள் போகட்டும். நீ மட்டும் பக்கத்தில் உட்கார்.

உன்
கோவர்த்தனன்