பேட்டரியைக் குடிக்கிறவன்

மார்ச் 3, திங்கள்
சாவியைத் திருப்பினேன். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் பேட்டரி காலி. புதுப் பேட்டரி, மூன்று நாள் தாங்கவில்லை. வண்டிக்கு வயது நாற்பத்தெட்டு. இதன் நாடி நரம்பெல்லாம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்: இதைச் செய்த இன்ஜினீயர், நான். அவர் செத்துப்போய்விட்டார்.

தங்கை மகள் போன் செய்தாள். மூன்று வருடம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். "மாமா, உங்க கார் ஓடினா ஸ்டேஷன்லேர்ந்து முதல்ல உங்க வீடுதான். இல்லேன்னா பெரியப்பா வண்டி அனுப்புறாராம், நேரா அங்கே போயிடுவேன்."

"ஓடினாவா? பறக்கும்மா!"

அங்கே போனால் அங்கேயேதான். ஆள் நிறைந்த வீடு, விட மாட்டார்கள்.

மார்ச் 4, செவ்வாய்
பேட்டரிக்கு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவே மீட்டரை மாட்டினேன். சாவி என் பையில், கதவெல்லாம் சாத்தியாயிற்று. ஆனாலும் 0.4 ஆம்பியர் ஓடுகிறது! எவனோ உள்ளே உட்கார்ந்து குடிக்கிறான். எட்டாம் வகுப்போடு நிற்காமல் இருந்திருந்தால் இந்த மீட்டரையே நான்தான் கண்டுபிடித்திருப்பேன்.

மார்ச் 5, புதன்
இன்று மீட்டரோடு மட்டும்தான் பேசினேன்.

மார்ச் 6, வியாழன்
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நான்காவதைப் பிடுங்கியதும் மீட்டர் பூஜ்யம்! அந்த ஃபியூஸில் மூன்று பேர்: கடிகாரம், உள்விளக்கு, டிக்கி விளக்கு. முதல் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன். நிரபராதிகள். டிக்கியைத் திறந்தேன், விளக்கு ஒழுங்காக எரிந்தது. அதுவும் நிரபராதி. அப்புறம் யார்தான்?

மானம் போனால் போகட்டும் என்று மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "திறந்தா எரியும் சார், மூடினா அணையுதா? நீங்க மூடும்போது வீட்ல யாரையாவது இடுக்கு வழியா பாக்கச் சொல்லுங்க."

"ஆளுக்கா பஞ்சம்?" என்று போனை வைத்தேன்.

யாரை?

மார்ச் 7, வெள்ளி
நானே டிக்கிக்குள் ஏறினேன். சுருண்டு படுத்து மூடியை இழுத்தேன். 'க்ளிக்'. விளக்கு அணையவில்லை! மூக்குக்கு நேரே பளிச்சென்று எரிகிறது. அகப்பட்டான் திருடன்! அப்புறம்தான் பார்த்தேன் - உள்பக்கம் பிடியே கிடையாது. போன் சமையலறையில்.

ஊருக்குச் சொல்லும்போது இரண்டு மணி நேரம். இங்கே எழுதுவது உண்மை: இருபது நிமிடம். என்னைக் காணோமே என்று யார் தேடுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஞாயிறு வரைக்கும் ஒருத்தரும் இல்லை.

தட்டினேன், தட்டினேன். வந்து திறந்தது எதிர்வீட்டுப் பல் டாக்டர். அவர் வாசலை மறித்து நான் வண்டி நிறுத்திய தகராறில் ஏழு மாதமாகப் பேச்சு கிடையாது.

"என்னய்யா, உள்ளே குடித்தனம் ஆரம்பிச்சிட்டீரா?"

"சோதனை நடக்குது டாக்டர்."

"பல்பைக் கழட்டிட்டு மீட்டரைப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே?"

அவருக்கு எதையும் பிடுங்கித்தான் பழக்கம்.

மார்ச் 8, சனி
டிக்கி விளக்கின் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. மாற்றினேன். டாக்டர் மூட, நான் இடுக்கில் பார்த்தேன். அணைந்தது.

மார்ச் 9, ஞாயிறு
முதல் திருப்பிலேயே கிளம்பியது. அவளை ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டேன். டிக்கிக் கதையை மூன்று மடங்காக்கித் தயாராக வைத்திருந்தேன். ஆரம்பிப்பதற்குள் முன்சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பயணக் களைப்பு.

ஹாரனைத் தொடாமல் மெதுவாக ஓட்டினேன். என் வீட்டு வாசல் வந்தது, நிறுத்தாமல் தாண்டிப் போய் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன். அப்புறம் இன்னொரு சுற்று. பேட்டரிக்கும் சார்ஜ் ஏறட்டும்.