ஜாமீனுக்கு ஓர் ஆள் குறைவு

டிசம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். லாட்ஜ் ஜன்னல் சாத்தவே வரமாட்டேன் என்கிறது. பழைய செய்தித்தாளைச் சொருகி வைத்திருக்கிறேன். தொண்டைக்கட்டு. வெந்நீர் கேட்டால் கரண்ட் இல்லை என்கிறார்கள்.

வேலை ஆரம்பம். மலைக்காரர்களுக்கு இலவசச் சட்ட உதவித் திட்டம், வெளிநாட்டுப் பணம், இரண்டு வருடம் முடிந்துவிட்டது. சொன்னபடி செய்தார்களா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுத வேண்டியவள் நான். நல்லபடியாக எழுதினால் திட்டம் தொடரும். எனக்கும் இவர்களிடம் அடுத்த வேலை கிடைக்கும். வேறு வேலை கையில் இல்லை.

தலைமை அலுவலகம் (இனி த.அ., விரல் விறைக்கிறது) கொடுத்த பட்டியலில் எல்லாமே வெற்றி. சீட்டுக் குலுக்கிச் சிலதை எடுத்தேன். நாளை முதல் ஆள்: புதுவளவு வெள்ளையன். எஸ்டேட்டில் மரம் திருடியதாக வழக்கு. முடிவு: ஜாமீன் கிடைத்தது.

வாங்க: தைலம், மெழுகுவத்தி, ரீஃபில். சேலம் வீட்டுக்கு வரி கட்டிய ரசீது கைப்பையிலேயே கிடக்கிறது, பத்திரம்.

டிசம்பர் 5, செவ்வாய்

கரடியூருக்கு மேல் ஜீப் ஏறவில்லை. நடை. டிரைவர் ஆரோக்கியமும் கூட வந்தார். வழியெல்லாம் காபிப் பழம் பறிக்கிறார்கள். செருப்பு வார் அறுந்தது.

வெள்ளையன் வீட்டில் இல்லை. மனைவி பொன்னி மட்டும். சின்னப் பெண், கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. பறிப்புக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டேன்.

"செயில்லதானுங்க இருக்காரு."

ஜாமீன் உத்தரவு வந்தது ஆடி மாதம். இது கார்த்திகை. உத்தரவு பொய்யில்லை. ஆனால் சொந்தமாக நிலமோ வீடோ உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் ஆளை வெளியே விடுவார்கள். ஒருவர் கிடைத்துவிட்டார், வெள்ளக்கடையில் இருக்கும் பொன்னியின் அண்ணன். இன்னொருவர் இல்லை. உத்தரவு கோர்ட்டில், ஆள் ஜெயிலில், வெற்றி எங்கள் பட்டியலில். வாழ்க.

புதுவளவில் நிலம் உள்ளவர்களே இல்லையா? எல்லோருக்கும் இருக்கிறது. பட்டாதான் செத்துப்போன தாத்தாக்கள் பெயரில். பெயர் மாற்ற ஒரு நடை தாலுகா ஆபீஸுக்குப் போயிருக்கக் கூடாதா? என்ன அசட்டை! இறங்கும்போது ஆரோக்கியத்திடம் பொரிந்து தள்ளினேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

தன் பெயரில் பட்டா உள்ள ஒரே ஆள் ஊர்க்கவுண்டர், ஊருக்குத் தலைவர். அவர் போட மாட்டார் என்றாள் பொன்னி. ஏன் என்று அவரிடமே கேட்க வேண்டும்.

டிசம்பர் 6, புதன்

ஊர்க்கவுண்டரைப் பார்த்தாயிற்று. மரியாதையான மனிதர். தோட்டத்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். புளிப்பு.

அவர் சொன்னது: எஸ்டேட்டில் எதுவும் காணாமல் போய் இந்த ஊர் ஆள்மேல் பழி விழுந்தால், ஊர்க்கவுண்டர் நாலு பேரோடு போய் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் பேசுவார். பழி விழுந்தவன் சில நாள் கூலி வாங்காமல் உழைத்துக் கழிப்பான். அவன் எடுத்தானா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. போலீஸ் மலையேறாது, அவ்வளவுதான் கணக்கு. வெள்ளையன் விஷயத்திலும் பேசி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் திட்டத்து வக்கீலம்மா வந்து, செய்யாத தப்புக்கு எதற்கு வெட்டி வேலை, கோர்ட்டில் பார்க்கலாம் என்றிருக்கிறார். அதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். வெள்ளையன் அவர் பேச்சைக் கேட்டான். எஸ்டேட் புகார் கொடுத்தது. ஊர்ச் சொல்லைத் தாண்டினவன் என்று ஊரும் கையைக் கழுவிவிட்டது. பொன்னியைப் பறிப்புக்குக்கூட யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

"நாங்க பேசி முடிக்கறம்னு சொன்னமுங்க. வேண்டான்னுட்டாங்க. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனவங்களே இப்பக் கையெழுத்தும் போடட்டுமுங்க."

வக்கீல் தன் கட்சிக்காரருக்குத் தானே ஜாமீன் நிற்கக் கூடாது என்று விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கும் சொல்லும்போதே அசிங்கமாகத்தான் இருந்தது.

பூத்திலிருந்து த.அ.வுக்கு போன். மேலாளர் பொறுமையாகப் பேசினார். படிவத்தில் கேள்வி என்ன மேடம்? ஜாமீன் கிடைத்ததா. கிடைத்ததா இல்லையா? கிடைத்தது. அப்புறம் என்ன. மதிப்பீடு செய்ய வந்தவர் வழக்குக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தை வேறு நினைவூட்டினார். தெரியும் ஐயா. படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 7, வியாழன்

பொன்னியிடம் மீதிக் கேள்விகள். ஓட்டு வீடா, கூரையா. ஆடு, மாடு. அடுப்பு. சொந்த வீடா, வாடகையா. கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அவள் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, உங்களுக்கு ஊடு இருக்குதுங்களா?"

சேலத்தில் இருக்கிறது என்றேன்.

"சொந்த ஊடுங்களா?"

ஆமாம் என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் கீரையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். கையெழுத்துப் போடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதிமுறை அது இது என்று சொல்லித் தப்பியிருப்பேன்.

வெள்ளையனைப் போன மாதம் பார்த்தாளாம். ஓயாத இருமல். "பேச்சே வரலீங்க. நீ ஆருன்னு கேக்கறாப்புல பாத்தாருங்க என்னைய. நொம்பப் பயமா இருக்குதுங்கம்மா."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். பேட்டி முடிவில் நன்றி சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 8, வெள்ளி

மழை. பட்டியலில் அடுத்த ஊரான தலைச்சோலைக்குப் போகவில்லை. நாள் முழுக்க அறையில். இட்லி கல் மாதிரி. சாப்பிடவில்லை.

கையெழுத்துப் போட்டால்: ஒப்பந்தம் போச்சு. இதுவரை எழுதிய அறிக்கையும் செல்லாது. இனி இந்த வட்டாரத்தில் எவரும் கூப்பிடமாட்டார்கள். வெள்ளையன் வாய்தாவுக்கு வராவிட்டால் என் தலையில் விடியும்.

போடாவிட்டால்: அவள் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். சாகும்வரை பார்ப்பாள்.

பக்கத்து அறையில் தேனிலவு ஜோடி, ஏரியில் படகு விடவில்லை என்று சண்டை. கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்கலாம்போல் ஆத்திரம். மூக்கு வேறு ஒழுகுகிறது. இந்த மலையில் எத்தனை வெற்றிகள் இன்னும் கம்பிக்குள் இருக்கின்றனவோ, பட்டியலைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

மாலை. மழை விட்டது. த.அ.வுக்கு விலகல் கடிதம், தபாலில் போட்டாயிற்று. ஆரோக்கியத்திடம் சொல்லி அனுப்பினேன்: திங்களன்று பொன்னியும் அண்ணனும் சேலம் கோர்ட்டுக்கு வரட்டும், நான் ஜாமீன் நிற்கிறேன். அவர் தொப்பியைக் கழற்றி, ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாருங்க என்றார்.

டிசம்பர் 11, திங்கள். சேலம்

நல்ல வெயில். ஸ்வெட்டரோடு வந்து வேர்த்துக் கொட்டியது.

எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பொன்னி மஞ்சள் பையில் வெள்ளையனுடைய சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஆரஞ்சும். இன்றைக்கே விட்டுவிடுவார்களா என்று மட்டும் கேட்டாள். சாயங்காலத்துக்குள் என்றேன். எவ்வளவு தெம்பாகச் சொன்னேன்.

அண்ணனுடைய தாள்கள் சரி. என் வரி ரசீதைக் குமாஸ்தா புரட்டிப் பார்த்தார். இதில் இருப்பது யார் பெயர் என்றார். அப்பா பெயர். இருக்கிறாரா? இல்லை, ஆறு வருடமாகிறது. பெயர் மாற்றவில்லையா?

மாற்றவில்லை.

தெரியாமலில்லை. வருடா வருடம் அந்தப் பெயருக்குத்தான் வரி கட்டுகிறேன். ஒரே பெண், வேறு யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்றார். எவ்வளவு நாளாகும்? கையை விரித்தார். கெஞ்சினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேஜையின் முன்னால் நின்று அழுதேன். அவர் என்ன செய்வார், சட்டம் அது. தாலுகா ஆபீஸ் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது.

வெளியே வந்து சொன்னேன். பாதி அவளுக்குப் புரியவில்லை. செத்துப்போன அப்பா பெயர் என்றதும் புரிந்துவிட்டது.

"அப்ப உங்களுக்கும் ஊடு இல்லீங்களா."

குத்தலாகச் சொல்லவில்லை. என் முதுகில் கை வைத்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். அண்ணன் பஸ் நேரம் கேட்கப் போனார். அவனுக்கென்று கொண்டுவந்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்து, உரித்து, என் கையில் கொடுத்தாள்.