விஷம் இல்லைங்கப்பா

எம்பட அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ரெண்டு வருசம் ஆகப்போகிறது. அம்மா நன்றாக இருக்கிறார்கள். கரும்பு இந்தத் தடவை பரவாயில்லை. வேறொரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தேன். தடுப்பூசி போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே நாளைக் கடத்திவிட்டேன். பத்தாம் நாள் பால் குடிக்கவில்லை. மத்தியானம் வாந்தி, சாயங்காலம் ரத்தமாகப் பேதி. அந்த வாடை எனக்குத் தெரிந்த வாடை. நான் ஆறாவது படிக்கும்போது நம் வீரன் குட்டியாகவே செத்தானே, அதே வாடை.

"விஷம் வெச்சுட்டான்" என்றீர்கள் அன்று. வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுசாமி மாமாவோடு நீங்கள் முறைத்துக்கொண்டிருந்த நேரம். என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். "மாமா வேலியோரம் நின்னாருங்கப்பா" என்றேன். நின்றார், அவ்வளவுதான் பார்த்தேன். கையில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. தெரியாது என்று நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் இருந்தவரை பேச்சே இல்லை. உங்கள் எழவுக்குக்கூட அவர் வரவில்லை.

குட்டியை நாமக்கல்லுக்குத் தூக்கிப்போனேன். டாக்டரம்மா சோதித்துவிட்டு, "பார்வோ வைரஸுங்க. குடலை அரிச்சிரும்" என்றார். நோய் கண்ட நாயின் மலத்திலிருந்து பரவுமாம். செருப்பில் ஒட்டி வருமாம், மண்ணில் மாதக்கணக்கில் கிடக்குமாம். அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, குளுகோஸ் ஏற்றி உடம்பைத் தாங்கவேண்டியதுதான். நாலு நாள் ஏற்றினோம். ஐந்தாம் நாள் காலையில் செத்துவிட்டது.

வீரனைப் பற்றியும் கேட்டேன். "இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா ஊசி போடாத குட்டி, ரத்தப் பேதின்னா விஷத்தைவிட இதாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் மாமாவின் தோட்டத்துக்குப் போனேன். அவர் நாய் குட்டி போட்டிருக்கிறது. என் செருப்பில் நோய் போய்விடக் கூடாது என்று வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். "மாமா, எங்க வீரன் சீக்குலதானுங்க செத்திருக்கோணும். உங்களைப் பாத்தேன்னு அப்பாகிட்டச் சொன்னது நாந்தானுங்க."

தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். 

"எங்கூட்டுக் குட்டியும் அந்த வாரந்தாஞ் சாமி செத்துச்சு. ரத்தமாத்தான் போச்சு. உங்கப்பன் வேலைன்னு நெனச்சுட்டேன். அன்னைக்கு வேலியோரம் அதைப் பொதைச்சுட்டுத்தான் நின்னேன்."

இது உங்களுக்குத் தெரியுமா அப்பா? தெரிந்திருந்தால் போய் ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்களா? நான் அன்றே முழுதாகச் சொல்லியிருந்தால்?

அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து டாக்டரம்மா சொன்னபடி வாசல், சாக்கு, தட்டு எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன்.

மாமாவின் மூன்று குட்டிகளுக்கும் ஊசி போடும் நாள் வந்ததும் நாமக்கல் போகிறோம். ஒரு ஊசியோடு விட முடியாது, இடைவெளி விட்டு அடுத்ததும் போடவேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் திதிக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். "வாரஞ் சாமி" என்றார். பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து நானே பரிமாறுவேன். பழைய பகையை நினைத்துச் சொந்தத்தில் யார் முகம் சுளித்தாலும் சரி.

உங்கள் ஒரே மகள்,
கவிதா