காலெப்பின் விரல்கள்

அம்மாவுக்கு டெலாவின் வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

சனிக்கிழமை எங்கள் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி, கையாலும் பந்தை எறிந்து ஆடுவார்களே அந்த ஆட்டத்தில், தோற்றது. உதைப்பவனுக்குப் பந்தைப் பின்னால் எறிந்து கொடுக்கும் காலெப், எறியுமுன் விரல்களை விரிப்பான். எதிரணி அதைக் கவனித்தே பாய்கிறது என்பதை அணியின் ஆட்ட வீடியோக்களைத் தொகுக்கும்போது கண்டு, பயிற்சியாளர் ஹாஸ்கெலிடம் முன்பே சொன்னேன்.

"உதைக்கிற பசங்களுக்குப் பயிற்சியில கடைசிப் பத்து நிமிஷம் போதும், படிச்ச பாப்பா! போய் வீடியோவை வெட்டு," என்று சிரித்தார்.

சனிக்கிழமை எதிரணியினர் அதே விரல்களைப் பார்த்துத்தான் பாய்ந்து உதையைத் தடுத்தார்கள். ஹாஸ்கெல் காலெப்பை அணியிலிருந்து நீக்கிவிட்டார்.

"என் கை அவ்வளவு மோசமா, டெலா?" என்று காலெப் கேட்டான்.

"கை இல்லடா, பழக்கம். ஒரு வாரத்துல மாத்தியிருக்கலாம்."

"அப்ப ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

பயிற்சியாளரைத் தாண்டி வீரர்களிடம் பேச எனக்கு அனுமதியில்லை, அம்மா.

கம்பளிப் போர்வை அனுப்பு. காலெப்பை ஊருக்குப் பேருந்து ஏற்றிவிட வேண்டும், கிளம்புகிறேன்.

டெலா