லிட்டருக்கு ஐம்பத்தொன்று

அண்ணா,

உன் பாப்பா எழுதுகிறேன். நாற்பத்தாறு வயதிலும் என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீ.

உன் பைக் இப்போது வேங்கிக்காலில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. நீ போய் மூன்று மாதம் கழித்து அண்ணி சாவியைக் கொடுத்தார்கள். "கீழ்பென்னாத்தூர்ல நின்னு துருப்பிடிக்கிறதுக்கு நீயே ஓட்டு. இங்க யாரு எடுக்கப் போறா?" என்றார்கள். பக்கவாட்டு மூடிக்குள் உன் மைலேஜ் நோட்டும் இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நோட்டைப் படித்தேன். ஒரே பங்க், வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திக் கழுத்துவரை பெட்ரோல். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து ஓர் எண். அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, மறுபடி அறுபத்திரண்டு. எப்போதாவது குறைந்தால் பக்கத்தில் 'பௌர்ணமி' என்று எழுதியிருக்கிறாய். கிரிவலக் கூட்டத்தில் முதல் கியரிலேயே ஊர்ந்த நாளுக்கு வண்டியை நீ மன்னித்துவிடுவாய்.

கடைசி வருடம் மட்டும் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. ஐம்பத்தொன்று. பிளக் மாற்றினாய், ஏர் ஃபில்டர் மாற்றினாய், செயினுக்கு எண்ணெய் விட்டாய், டயரில் காற்றுப் பார்த்தாய், பங்கைக்கூட மாற்றினாய். அத்தனை வரிக்குப் பக்கத்திலும் பௌர்ணமி. மாதத்துக்கு எத்தனை பௌர்ணமி, அண்ணா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தேனே, நினைவிருக்கிறதா? வழிநெடுக உன் பிரேக் விளக்கு அணையவே இல்லை.

"உன் பின் லைட்டுதாண்ணா பெட்ரோலைக் குடிக்குது. ஊரு வரைக்கும் எரிஞ்சுட்டே வந்துச்சு."

"சுவிட்சு மாட்டிக்கிச்சு பாப்பா. நாளைக்கே மாத்திடறேன்."

"பெரிய மைலேஜ் மன்னன்! சொந்த வண்டியில லைட்டு எரியறதே தெரியலை."

அண்ணியும் சிரித்தார்கள். நீ மறுநாளே சுவிட்சை மாற்றினாய். அதுவும் நோட்டில் இருக்கிறது.

போன மாதம் வண்டியை மெக்கானிக் சேகரிடம் விட்டேன். பின் சக்கரத்தைக் கழற்றியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பிரேக் கட்டை எப்படித் தேஞ்சிருக்கு பாருங்கக்கா. பிரேக் மேலயே காலை வச்சு ஓட்டியிருக்காரு. மைலேஜ் கம்மியாத்தான் வரும்."

"எங்கண்ணன் அப்படி ஓட்டற ஆளு இல்லீங்க."

"வேணும்னு யாருக்கா வைப்பாங்க? கால் அங்க இருக்கிறதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் இட்லித் தட்டின் முன்னால் நீ சாய்ந்த அன்று மருத்துவர் சொன்னார், "ரொம்ப நாளா சர்க்கரை இருந்திருக்கு. அதனாலதான் மாரடைப்பு வந்தும் நெஞ்சுவலிகூடத் தெரியலை." ஒரு முறைகூட நீ ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்ததில்லை. வலது கால் செருப்பை வழியில் விட்டுவிட்டு, எங்கே விழுந்தது என்றே தெரியாமல் வீட்டுக்கு வந்தாயே, அதற்கும் நாங்கள் சிரித்தோம். சர்க்கரையால் உன் கால் மரத்துப்போனது உனக்குத் தெரியவில்லை. உன் வண்டிக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி அவ்வளவு தூரம் வந்தவள் நான். கேலி செய்யாமல் ஏன் என்று கேட்டிருந்தால் நீ இருந்திருப்பாயா? மருத்துவரிடம் கேட்கத் துணிவில்லை.

கட்டை மாற்றிய பிறகு நான் ஓட்டிய முதல் டேங்கில் வண்டி அறுபது கொடுத்தது. உன் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். சந்தோஷமா துக்கமா என்று எதுவும் தோன்றவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வகுப்பெடுக்கக் கிளம்பினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "உனக்கும் எனக்கும் சர்க்கரை டீயில மட்டுந்தான் பாப்பா" என்று நீ சொல்வாய். எனக்கும் அது வசதியாக இருந்தது. இரண்டு வருடமாகப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறேன். கொஞ்ச நாளாகப் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. நாள் முழுக்க நின்று பாடம் நடத்துவதால் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போகிறேன், அண்ணா. உன் வண்டியில்தான் போவேன். வருகிற எண் எதுவானாலும் உன் நோட்டிலேயே எழுதுவேன். பக்கத்தில் பௌர்ணமி என்று எழுத மாட்டேன்.

உன் தங்கை,
பாப்பா